ஆறாத புண்ணுக்கு ஒரு தேதி: பற்களைச் சுத்தம் செய்ய வந்தவரிடம் கண்டறியப்பட்ட நாக்குப் புற்றுநோய்

வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதில் பல் மருத்துவர்களுக்கும் அவர்களுடன் பணிபுரிவோருக்கும் உள்ள பங்கைப் பற்றிப் பேசும்போது, வாயை நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரையோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இங்கே விவரிக்கப்படும் நிகழ்வில் புண்ணை ஒரு பல் மருத்துவர் பார்த்திருந்தார். அதற்குப் பொருத்தமான ஒரு காரணத்தைக் கண்டிருந்தார். அந்தக் காரணத்தைச் சரியாகவே நீக்கியும் இருந்தார். அப்படியிருந்தும், அந்தப் புண் யார் கண்ணிலும் படாமல் பதினொரு வாரங்கள் வாய்க்குள் இருந்தது. அந்தப் பதினொரு வாரங்கள் எப்படி நழுவின என்பதுதான் இந்த ஆய்வில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. நோயாளியின் ஒப்புதலுடன் இது எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டோ விடப்பட்டோ உள்ளன.

வந்த காரணமும் முன்கதையும்

நோயாளி 52 வயதுப் பெண்மணி, ஆசிரியை. புகையிலையை எந்த வடிவிலும் பயன்படுத்தியவர் அல்லர். பாக்கு மெல்லும் வழக்கமோ மது அருந்தும் வழக்கமோ அவருக்கு இல்லை. குடும்பத்தில் யாருக்கும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் வந்ததில்லை. பற்களில் காரை படிந்திருப்பதாகவும், அதைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லித்தான் வந்தார். வரவேற்பில் நிரப்பிய படிவத்தில் ‘வாயில் புண், கட்டி, நிறமாற்றம் ஏதேனும் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றே குறித்திருந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. பதினொரு வாரங்களுக்கு முன்பு கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்லில் இருந்த பழைய அடைப்பு உடைந்து, பல்லின் உட்புற முனை கூராகி, நாக்கின் இடது ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அங்கே புண் வந்து எரிச்சல் தாங்காமல் வேறொரு பல் மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். அங்கே கூர்முனையைத் தேய்த்து மழுக்கி, புண்ணின் மேல் தடவிக்கொள்ள ஒரு ஸ்டீராய்டு ஜெல் கொடுத்து, ‘பல் குத்தியதால் வந்த புண்தான், ஆறாவிட்டால் வாருங்கள்’ என்று அனுப்பியிருக்கிறார்கள். நான்கைந்து நாட்களில் எரிச்சல் குறைந்தது. வலி போனதைப் புண் ஆறியதாகவே அவர் எடுத்துக்கொண்டார். எனவே எங்கள் படிவத்தில் ‘இல்லை’ என்று அவர் எழுதியது, அவருக்குத் தெரிந்தவரை உண்மையே.

இதோடு சேர்த்து எழுத வேண்டிய இன்னொன்று எங்களைச் சார்ந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன் அவர் எங்களிடமே வழக்கமான பரிசோதனைக்கு வந்திருந்தார். அன்றைய பதிவில் ‘மென்திசுக்கள்: இயல்பு’ என்று ஒரே வரி இருக்கிறது. நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து ஓரங்களைப் பார்த்தோமா, அடித்தளத்தை விரலால் தடவினோமா, கழுத்தைத் தொட்டோமா என்பதை அந்த வரியிலிருந்து இன்று யாராலும் சொல்ல முடியாது. எழுதிய நானும் சொல்ல முடியாது. அன்று அங்கே ஒரு மெல்லிய வெண்படலம் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடை கிடைக்கப்போவதில்லை.

பரிசோதனை

புண்ணை முதலில் கண்டவர் நான் அல்லன்; பற்களைச் சுத்தம் செய்த எங்கள் பணியாளர். கீழ்க் கடைவாய்ப் பற்களின் உட்புறக் காரையை எடுக்க நாக்கைக் கண்ணாடியால் ஒதுக்கியபோது, நாக்கின் ஓரத்தில் ஒரு திட்டு கண்ணில் பட, கருவியை வைத்துவிட்டு என்னை அழைத்தார். நோயாளியின் முன்னால் அவர் சொன்ன சொற்கள் இவ்வளவுதான்: “டாக்டர், நாக்கின் இடது ஓரத்தை நீங்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது.” இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வாய்க்குள் மிக நெருக்கமாக, மிக அதிக நேரம் பார்ப்பவர்கள் அவர்களே; ஐயம் வந்தவுடன் தயங்காமல் அழைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது எங்கள் மருத்துவமனையில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது.

நாக்கின் ஓரத்தைப் பார்ப்பதில் ஒரு சிறு கைப்பழக்கம் இருக்கிறது. நாக்கை நீட்டச் சொன்னால் மட்டும் போதாது. நீட்டிய நாக்கில் முன்பகுதியும் மேற்பரப்பும் தெரியுமே தவிர, புற்றுநோய் அதிகம் தோன்றும் பின்பக்க ஓரம் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உலர்ந்த காஸ் துணியை நாக்கின் நுனியில் சுற்றிப் பிடித்து, மெல்ல முன்னால் இழுத்து, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அதே நேரத்தில் மறுகையில் உள்ள கண்ணாடியால் கன்னத்தை விலக்க வேண்டும். துணி ஈரமாகிவிட்டால் நாக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுத் துணி எடுப்பது நல்லது. நாக்கு பின்புறம் தொண்டையைச் சேரும் இடத்தில் மடிப்புமடிப்பாகச் சிறு மேடுகள் இயல்பாகவே இருக்கும். அவற்றைக் கட்டி என்று பயப்படாமலும், கட்டியை அவை என்று எண்ணிக் கடந்துவிடாமலும் இருக்க, இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

அப்படிப் பார்த்தபோது, உடைந்த பல்லுக்கு நேர் எதிரே, நாக்கின் இடது ஓரத்தில் 14 மில்லி மீட்டர் நீளமும் 9 மில்லி மீட்டர் அகலமும் கொண்ட புண் இருந்தது. அதன் விளிம்பு சற்று உருண்டு மேலெழுந்திருந்தது. நடுவில் மஞ்சள் கலந்த வெண்ணிறப் படிவு. முன்புறமாகத் துடைத்தாலும் போகாத ஒரு வெண்படலம் ஒழுங்கற்ற எல்லையோடு நீண்டிருக்க, அதற்குள் இரண்டு இடங்களில் வெல்வெட் போன்ற சிவந்த திட்டுகள் தெரிந்தன. இவை எல்லாவற்றையும்விட விரல் சொன்னதுதான் தெளிவாக இருந்தது. நாக்கின் தசை இயல்பாக மெத்தென்று அமுங்கும். புண்ணின் அடியில் அழுத்தியபோது ஒரு சட்டைப் பொத்தானைத் துணியோடு சேர்த்துப் பிடித்தது போல் கெட்டியாகத் தட்டுப்பட்டது. அந்தக் கெட்டித்தன்மை, கண்ணுக்குத் தெரிந்த புண்ணின் எல்லையைத் தாண்டியும் சில மில்லி மீட்டர் சென்றது. அழுத்தியபோது அவருக்கு வலிக்கவே இல்லை. கழுத்தின் இருபுறமும், தாடைக்கு அடியிலும் நிணநீர் முடிச்சுகள் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை.

இத்தகைய புண்ணுக்குப் பல விளக்கங்கள் உண்டு. பல் உரசலால் வந்த நாட்பட்ட புண், ஆப்தஸ் எனப்படும் சாதாரண வாய்ப்புண்ணின் பெரிய வகை, லைக்கன் பிளானஸ் என்னும் சளிப்படல நோயில் படலம் அரித்துப் புண்ணாகும் வகை, அரிதாகக் காசநோய், சிபிலிஸ் ஆகியவற்றின் வாய்ப்புண், பிறகு வாயின் மேல்தோல் செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோய். பல் உரசல் என்ற விளக்கம் பதினொரு வாரங்களுக்கு முன் சோதிக்கப்பட்டுவிட்டது. உரசல் நீங்கிய பின்னும் புண் நின்றதால் அது தள்ளுபடியாகிவிட்டது. கெட்டித்தன்மை, உருண்ட விளிம்பு, சிவப்பும் வெண்மையும் கலந்த படலம், வலியின்மை ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தபோது எஞ்சியிருந்த முதல் ஐயம் புற்றுநோய்தான்.

சிவந்த திட்டுகளைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. பல் மருத்துவமனையில் வெண்படலத்துக்குக் கிடைக்கும் கவனம் செம்படலத்துக்குக் கிடைப்பதில்லை. சிவப்பு என்றால் அழற்சி என்று கை தானாக மருந்துச் சீட்டை நோக்கிச் செல்கிறது. ஆனால் 1975-இல் ஷேஃபரும் வால்ட்ரனும் வெளியிட்ட ஆய்வில், எரித்ரோபிளேக்கியா என்னும் செம்படலத்திலிருந்து எடுக்கப்பட்ட திசுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அப்போதே ஊடுருவும் புற்றுநோயாக இருந்தன. மீதமிருந்தவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய படியில் இருந்தன. லூக்கோபிளேக்கியா எனப்படும் வெண்படலம் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு இதனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இரண்டும் கலந்த படலம், சீரான வெண்படலத்தைவிட எப்போதும் கூடுதல் ஐயத்துக்குரியது.

பயாப்ஸியும் அதற்கு முன் பேசியதும்

புற்றுநோய் ஐயம் வலுவாக இருக்கும்போது பயாப்ஸியை, அதாவது சோதனைக்கான சிறு திசுவை, பல் மருத்துவரே எடுக்கலாமா, அறுவை மருத்துவரிடம் அப்படியே அனுப்ப வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிகிச்சை அளிக்கப்போகிறவர் புண்ணை அதன் இயல்பான வடிவில் பார்க்க விரும்புவது நியாயமானது. அன்று நான் முதலில் அளவுகோலை அருகில் வைத்துப் படங்கள் எடுத்து, தலை, கழுத்து அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். விளிம்பிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுங்கள், முழுவதையும் வெட்டி எடுத்துவிட வேண்டாம் என்றார். அந்த ஒரு நிமிடப் பேச்சு இரண்டு வகைகளில் உதவியது: நாள் வீணாகவில்லை, பின்னர் அறுவையின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டியவருக்குப் புண்ணின் உருவமும் சிதையவில்லை.

சாயம் பூசிப் பார்ப்பது, சிறப்பு ஒளியில் பார்ப்பது, தூரிகையால் செல்களைச் சேகரிப்பது போன்ற துணைச் சோதனைகளை இங்கே பயன்படுத்தவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐயத்துக்குரிய புண்ணுக்குப் பயாப்ஸியையோ உடனடிப் பரிந்துரையையோதான் சொல்கிறது. செல் சோதனையை, பயாப்ஸியை ஏற்க மறுப்பவருக்கு ஒரு மாற்றாக மட்டுமே இடம் கொடுக்கிறது. என் அனுபவமும் அதுவே. துணைச் சோதனையின் ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவு, விரலுக்குத் தட்டுப்பட்ட கெட்டித்தன்மையைப் பொய்யாக்காது. எனவே அந்தச் சோதனையால் நம் முடிவு மாறப்போவதில்லை.

நோயாளியிடம் பேசியது இந்த நிகழ்வின் கடினமான பகுதி. சுத்தம் செய்துகொள்ள வந்தவரிடம், புண்ணே இல்லை என்று நம்புகிறவரிடம், சதையை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. முதலில் கைக்கண்ணாடியைக் கொடுத்து, நாக்கைப் பிடித்துக்கொண்டு, அவரையே பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, “இப்போது வலிக்கவே இல்லையே டாக்டர்” என்றார். நான் சொன்னவை, பதிவேட்டில் உள்ளபடி: “வலிக்காததால்தான் எனக்குக் கவலை அம்மா. பல் குத்திய புண் என்றால் இரண்டு வாரத்தில் ஆறியிருக்கும். இது என்னவென்று பார்வையை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறிது சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இருக்கக்கூடியவற்றில் புற்றுநோயும் ஒன்று. அதனால்தான் இன்றே எடுக்கலாம் என்கிறேன்.”

புற்றுநோய் என்ற சொல்லை அந்த இடத்தில் சொல்ல வேண்டுமா என்று சக மருத்துவர்கள் சிலர் கேட்டார்கள். சொல்ல வேண்டும் என்பதே என் முடிவு. ‘சும்மா ஒரு சோதனை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர், அதைச் சும்மாவாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அச்சத்தைக் கூட்டாமல் சொல்வது வேறு, அச்சம் வரக் கூடாது என்று உண்மையை மறைப்பது வேறு.

மரத்துப்போகும் ஊசி போட்டு, புண்ணின் நடுவிலுள்ள அழுகிய பகுதியைத் தவிர்த்து, விளிம்பையும் அதை ஒட்டிய சிவந்த திட்டையும் சேர்த்து, தசையைத் தொடும் ஆழத்துக்குத் திசு எடுக்கப்பட்டது. நடுப்பகுதியிலிருந்து எடுத்தால் செத்த திசு மட்டுமே கிடைத்து, அறிக்கை எதையும் சொல்லாமல் போய்விடக்கூடும். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் ஊடுருவல் இருக்கிறதா என்பது தெரியாது. 10 சதவீத ஃபார்மலினில் இட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது, எத்தனை நாளாக இருக்கும் புண், ஐயம் என்ன என்பதை எல்லாம் முழுமையாக எழுதி அனுப்பினோம். ஆறாவது நாள் அறிக்கை வந்தது: நடுத்தர வேறுபாடுடைய, அதாவது செல்கள் இயல்பான உருவிலிருந்து நடுத்தர அளவுக்கு விலகிய, செதிள் செல் புற்றுநோய்.

முடிவைத் தொலைபேசியில் சொல்லவில்லை. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வரச் சொல்லி, மகளுடன் வந்தபோது, கதவை மூடி உட்கார்ந்து சொன்னேன். அவர் கையில் கொடுத்து அனுப்பியது வெறும் பரிந்துரைக் கடிதம் மட்டுமல்ல. எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் வரவேற்பாளர் முன்னதாகவே பேசி உறுதி செய்திருந்தார்.

அறுவையும் அதன் பின்னும்

படமெடுப்புச் சோதனைகளிலும் கழுத்தில் நோய் பரவியதற்கான அடையாளம் இல்லை. முதல் வருகையிலிருந்து நான்காவது வாரத்தில், நாக்கின் இடப்பக்கப் பகுதியும் கழுத்தின் இடப்புற நிணநீர் முடிச்சுகளும் அகற்றப்பட்டன. கைக்குத் தட்டுப்படாத முடிச்சுகளை ஏன் எடுக்க வேண்டும் என்று குடும்பத்தினர் என்னிடமும் கேட்டார்கள். மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது: தொடக்க நிலை வாய்ப் புற்றுநோயாளிகளில், கழுத்து முடிச்சுகளை முதல் அறுவையிலேயே அகற்றியவர்களில் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 80 சதவீதம், முடிச்சு வீங்கிய பிறகு அகற்றலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

இவருடைய அறிக்கை அந்த வேறுபாட்டின் பொருளை நேரில் காட்டியது. கட்டியின் அகலம் 17 மில்லி மீட்டர், ஊடுருவிய ஆழம் 6 மில்லி மீட்டர், வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை. எடுத்த முடிச்சுகளில் ஒன்றில் மட்டும் 4 மில்லி மீட்டர் அளவுக்கு நோய் இருந்தது, அது முடிச்சின் உறையைத் தாண்டவில்லை. 2018 முதல் நடைமுறைக்கு வந்த நிலை வகைப்பாட்டில் கட்டியின் அகலத்தோடு ஆழமும் கணக்கில் சேர்கிறது. 2 சென்டி மீட்டருக்குக் குறைவான கட்டியாக இருந்தும், ஆழம் 5 மில்லி மீட்டரைத் தாண்டியதால் இது முதல் படியில் நில்லாமல் இரண்டாவது படிக்குப் போனது. முடிச்சையும் சேர்த்தால் மொத்தத்தில் மூன்றாம் நிலை. மேலே பார்த்தால் சுண்டுவிரல் நகத்தளவு புண்.

உடைந்த அந்தக் கடைவாய்ப் பல் இங்கே மறுபடியும் வருகிறது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்று தெரிந்தவுடன், பற்களைப் பற்றிய முடிவுகள் அதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். கதிர்வீச்சு பெற்ற தாடையில் இரத்த ஓட்டம் குன்றிவிடுவதால், பின்னாளில் பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் நிலை ஏற்படலாம். எனவே காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுவது வழக்கம். அறுவைக்கு முன்பே எங்கள் குறிப்பு அங்கே போய்ச் சேர்ந்ததால், நாக்கு அறுவைக்குக் கொடுத்த அதே மயக்கத்திலேயே அந்தப் பல்லும் எடுக்கப்பட்டது. அறுவைக்குப் பின் ஆறாவது வாரத்தில் தொடங்கி, 30 தவணைகளில் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு தரப்பட்டது. இடையில் ஒரு நாளும் பல் காரணமாகச் சிகிச்சை நிற்கவில்லை. ஃப்ளூரைடு ஜெல் இட்டுப் பல்லில் பொருத்திக்கொள்ளும் தட்டுகள், வாய் இறுகாமலிருக்கத் தினமும் செய்யும் பயிற்சி, உமிழ்நீர் குறைந்த வாய்க்கான பராமரிப்பு ஆகியவை எங்கள் பணியாளரின் பொறுப்பில் நடந்தன. புண்ணை முதலில் கண்டவரும் அவரே என்பதால், அவரிடம் நோயாளிக்கு ஏற்பட்டிருந்த நம்பிக்கை பெரிது.

நாக்கில் ஒரு பகுதி போனபின் ல, ள, ழ மூன்றும் ஒரே ஒலியாக வந்தன. வகுப்பில் நின்று பேசி வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியில் நான்கு மாதங்களில் ல, ள இரண்டும் தெளிந்தன. நுனியைப் பின்னுக்கு வளைக்க வேண்டிய ழகரம் இன்றும் முழுமையாக வரவில்லை.

எங்கே நாட்கள் நழுவின

முதலில் பார்த்த மருத்துவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூர்முனைக்கு எதிரே புண் இருந்தால் முனையை மழுக்கிவிட்டுக் காத்திருப்பது சரியான மருத்துவமே. வாயின் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. காரணம் நீங்கிய புண் அதற்குள் ஆறிவிடும் என்பதே இரண்டு வார விதியின் அடிப்படை. அந்த விதியில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. காரணத்தை நீக்குவது முதல் பாதி. அதே கண்களால் அதே இடத்தை மறுபடி பார்ப்பது இரண்டாம் பாதி. இந்த நிகழ்வில் முதல் பாதி மட்டும் நடந்தது.

‘ஆறாவிட்டால் வாருங்கள்’ என்ற சொற்றொடர் அந்த இரண்டாம் பாதியை நோயாளியிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆறியதா இல்லையா என்று தீர்மானிக்க அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் வலி. நாக்கின் பின் ஓரத்தைத் தானாகக் கண்ணாடியில் பார்ப்பது எளிதல்ல. ஸ்டீராய்டு ஜெல் புண்ணைச் சுற்றிய அழற்சியைத் தணித்து வலியை மட்டும் எடுத்துவிட, அவர் கையில் இருந்த அந்த ஒரே அளவுகோலும் பொய்த்துப்போனது. தொடக்க நிலை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது மக்களிடம் இன்னும் சென்று சேரவில்லை. புற்றுநோய் என்றால் தாங்க முடியாத வலி என்ற எண்ணமே பரவலாக இருக்கிறது. விழிப்புணர்வுப் பேச்சுகளில் முதலில் உடைக்க வேண்டியது இந்த எண்ணத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. உடைந்த பல் கண்ணெதிரே இருந்ததால் வேறு எதையும் தேடத் தோன்றவில்லை. நாட்பட்ட உரசல் தானாகவே புற்றுநோயை உண்டாக்குமா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. மறுபுறம், வளர்ந்து தடித்த புண்ணே பல்லில் போய் உரசத் தொடங்கியிருக்கலாம் என்பதையும் மறந்துவிட முடியாது. அவர் புகையிலை தொடாதவர் என்பதும் எல்லோர் எச்சரிக்கையையும் தளர்த்தியிருக்கும். புகையிலை, பாக்கு, மது ஆகிய மூன்றும் வாய்ப் புற்றுநோயின் பெருங்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆயினும் இந்தப் பழக்கம் எதுவும் இல்லாதவர்களுக்கும், குறிப்பாக நாக்கின் ஓரத்தில், இந்நோய் வருகிறது. பழக்கம் இருப்பது ஐயத்தைக் கூட்ட வேண்டும். இல்லாதது ஐயத்தை அழித்துவிடக் கூடாது.

பெருங்கணக்கில் இந்த நிகழ்வு

2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் ஏறத்தாழ 3.9 லட்சம் பேர்; அதனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். கண்ணால் பார்க்கவும் விரலால் தொடவும் கூடிய இடத்தில் தோன்றும் நோய்க்கு இது மிக அதிகம்.

அப்படியானால் எல்லோருடைய வாயையும் வரிசையாகச் சோதித்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய சான்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு. 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1.9 லட்சம் பேரை 13 தொகுதிகளாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வாய்ப் பரிசோதனை செய்யப்பட்டது. 2005-இல் வெளியான முடிவில், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே இறப்பு விகிதம் 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இருந்த குறைவு, புள்ளியியல் அடிப்படையில் உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் அறிகுறியற்ற எல்லா வயதுவந்தோருக்கும் பரிசோதனையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று 2013-இல் கூறியது. அக்குழு பேசியது முதல்நிலை மருத்துவர்கள் செய்யும் பரிசோதனையைப் பற்றி. ஏற்கெனவே பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து சாய்ந்திருப்பவரின் மென்திசுக்களையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இரண்டு மூன்று நிமிடங்களே கூடுதலாகத் தேவை. அதைச் செய்யாமல் விடுவதற்கு இந்த முடிவுகளை நான் ஒரு காரணமாகக் கொள்ள மாட்டேன்.

திருவனந்தபுரம் ஆய்வில் என்னை மிகவும் நிறுத்தியது வேறொரு எண். ஐயத்துக்குரியவர்கள் என்று கண்டறிந்து மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,145 பேர். சென்றவர்கள் 3,218 பேர். மீதமுள்ள 1,927 பேரிடம் ‘உங்கள் வாயில் ஏதோ இருக்கிறது’ என்று ஒருவர் சொல்லியிருந்தார், அவர்கள் போகவில்லை. எங்கள் நோயாளி அந்த ஆய்வில் இருந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய பதினொரு வாரங்களை நினைக்கும்போதெல்லாம் இந்த எண்ணும் கூடவே வருகிறது. கண்டறிதலுக்கும் சிகிச்சைக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியை, புண்ணைப் பார்த்தவரே பொறுப்பேற்று அடைக்காவிட்டால் வேறு யாரும் அடைப்பதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-இல் தந்த வழிகாட்டுதலில், காரணம் புரியாமல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வாய்ப்புண்ணுக்கு இரண்டு வாரங்களுக்குள் நிபுணரின் பார்வை கிடைக்க வழிசெய்யப்பட்டிருந்தது. புண்ணுக்கு ஒரு வரம்பு, காத்திருப்புக்கு ஒரு வரம்பு என இரண்டிலும் நாட்கள் எண்ணப்பட்டதுதான் அதன் வலிமை.

மருத்துவமனையில் மாறியவை

‘மென்திசுக்கள்: இயல்பு’ என்ற வரியை எங்கள் பதிவிலிருந்து எடுத்துவிட்டோம். உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, கடைவாய்க்குப் பின்புறம், நாக்கின் மேல், இரு ஓரங்கள், அடி, வாயின் அடித்தளம், அண்ணம், தொண்டை முகப்பு, கழுத்து என ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே பார்த்தவர் தனித்தனியே குறிப்பிட வேண்டும். பார்க்காத இடத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதலாம். அது குற்றமாகக் கருதப்படாது. கழற்றி மாட்டும் பல்செட் அணிந்தவரிடம் அதைக் கழற்றிய பிறகே பரிசோதனை தொடங்க வேண்டும்.

காரணம் தெரிந்த புண்ணாக இருந்தாலும், பதினான்காவது நாளுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. வரவேற்பில் அதற்கென ஒரு தனிக் குறிப்பேடு இருக்கிறது. குறித்த நாளில் வராதவரை மறுநாள் காலை வரவேற்பாளர் தொலைபேசியில் அழைக்கிறார். “ஆறிவிட்டதா?” என்று கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு, கேட்டால் பெரும்பாலோர் ‘ஆறிவிட்டது’ என்றே சொல்வார்கள், எங்கள் நோயாளி சொன்னது போல. “வலி இல்லாவிட்டாலும் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும், எப்போது வருகிறீர்கள்?” என்பதே கேள்வி. இந்த அழைப்பைச் செய்பவருக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஆனால் இந்த நிகழ்வில் பதினொரு வாரங்களை இரண்டு வாரங்களாகச் சுருக்கியிருக்கக்கூடியது, என் கணிப்பில், அந்த ஓர் அழைப்புதான். அந்த ஒன்பது வாரங்களில் ஆழம் எவ்வளவு கூடியது, முடிச்சுக்கு நோய் எப்போது போனது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

விழிப்புணர்வுக்கும் பரிசோதனை நேரத்தையே பயன்படுத்துகிறோம். சுவரொட்டியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. நாக்கைப் பிடித்திருக்கும்போதே, “வாய்ப் புற்றுநோய் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கிறேன், உங்கள் வாய் இன்று நன்றாக இருக்கிறது, இரண்டு வாரத்தில் ஆறாத எதுவும், வலிக்காவிட்டாலும், எங்களிடம் காட்ட வேண்டும்” என்று சொன்னால் அது நினைவில் நிற்கிறது. புகையிலை பயன்படுத்துவோரிடம், கன்னத்தின் உள்ளே அது ஏற்படுத்தியிருக்கும் நிறமாற்றத்தைக் கைக்கண்ணாடியில் அவர்களே பார்க்கும்படி காட்டி, விட விருப்பம் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் நாள் குறித்து உதவுகிறோம். விருப்பமில்லை என்பவரிடம் அடுத்த வருகையில் மறுபடி கேட்கிறோம்.

நோயாளி இப்போது சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளைக் கடந்திருக்கிறார். நோய் திரும்பியதற்கான அடையாளம் இல்லை. ஒரு முறை வாய்ப் புற்றுநோய் வந்தவருக்கு வாயின் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று தோன்றும் வாய்ப்பு தொடர்வதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை முழுமையாகப் பார்க்கிறோம். கடந்த வருகையில், நான் துணியை எடுப்பதற்கு முன்பே, அவரே நாக்கின் நுனியைப் பிடித்து இழுத்து வலப்பக்கம் திருப்பிக் காட்டினார். வீட்டில் வாரம் ஒருமுறை, ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று மகளோடு சேர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மகளின் நாக்கையும் அவர் பார்க்கிறாராம். வலது கன்னத்தின் உட்புறம், கடித்துக்கொண்டதால் வந்த சிறு புண் ஒன்று அன்று இருந்தது. மெத்தென்று, சிவந்து, தொட்டால் எரிவதாக. பதினான்காம் நாளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டார். ஆறியிருந்தது.